லான்யிங் வைத்த சூடு

லான்யிங் ஆளின் முகத்தைப் பார்க்கும் முன் முட்டியைப் பார்த்துவிடுவாள். கடைக்குள் யாராவது காலடி எடுத்து வைத்தால் போதும், அவள் கண் நேராகக் கீழே போகும்.

"இது மில்லுல நின்ன முட்டி," என்பாள். "இது உக்காந்து மாஜோங் கட்டை ஆடுற முட்டி. பகல் பூரா மடக்கியே வெச்சிருந்தா வீங்காம என்ன பண்ணும்? எந்திரிச்சு நடங்க, பாதி சரியாயிரும்."

தாமரைக் குளத்தில் இறங்குகிறவர்களின் முட்டியை மட்டும் அவள் கேலி செய்ததில்லை. எங்கள் ஊரைச் சுற்றி ஏரியும் குளமும்தான். இலையெல்லாம் கருகி விழுந்த பிறகு, நல்ல குளிரில்தான் கிழங்கு தோண்டுவார்கள். இடுப்பளவு சேற்றில் ரப்பர் உடுப்போடு நின்று, காலால் தடவித் தடவிக் கிழங்கு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, உடையாமல் உருவி எடுக்க வேண்டும். இருபது வருடம் அப்படி நின்றவன் முட்டியைத் தொட்டால் கோடையில்கூடச் சில்லென்று இருக்கும். "ஐஸ் கட்டியில தோலைப் போத்தின மாதிரி," என்று லான்யிங் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் கடைக்கு அடுத்த கதவுதான் என்னுடையது. காலையில் எள்விழுது போட்டுப் பிரட்டிய நூடுல்ஸ் விற்கிறேன். அவளைவிட ஐந்து வயது இளையவள்.

அவள் பதினெட்டு வயதில் பஞ்சாலையில் சேர்ந்தவள். நூல் அறாமல் இருக்க ஆலைக்குள் எப்போதும் ஈரப்பதம் வேண்டும். தரை முழுக்க நீர் கோத்து நிற்கும். பத்தொன்பது வருடம் அந்த ஈரச் சிமெண்டில் நடந்தாள். ஆலையை மூடியபோது அவளோடு வீட்டுக்கு வந்தது, படி இறங்கினால் கடக்கென்று சத்தம் போடும் ஒரு வலது முட்டி. கணவன் ஆற்றில் மணல் வாரும் கப்பலில் சமையல்காரன். வருடத்துக்கு இரண்டு முறை வருவான். ஒரே மகன் படித்து வூஹானில் வேலைக்குப் போய்விட்டான். வேலை போன பெண்களுக்கென்று மூன்று மாத வகுப்பு ஒன்று நடத்தினார்கள். அதில்தான் சூட்டு வைத்தியம் கற்றுக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் பண்டிகைக்கு வாசலில் செருகுகிறோமே, அந்த மாசிபத்திரிதான் மருந்து. இலையைக் காயவைத்து மூன்று வருடம் போட்டுவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, காகிதத்தில் சுருட்டு மாதிரி உருட்டுவார்கள். நுனியைப் பற்றவைத்து, தோலில் படாமல் இரண்டு விரற்கடை மேலே பிடித்தால் அந்தக் கங்கின் சூடு மெதுவாக உள்ளே இறங்கும். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு குழி இருக்கிறது. முட்டிக் கண் என்பார்கள். முட்டி வலிக்காரர்களுக்குச் சூடு முதலில் போகவேண்டியது அங்கேதான்.

மற்றவர்கள் சூடு வைப்பதற்கும் அவள் வைப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. வலது கையில் சுருட்டைப் பிடித்திருக்கும்போது இடது கையின் இரண்டு விரல்களை முட்டிக் கண்ணின் இரு பக்கமும் வைத்துக்கொள்வாள். நோயாளிக்குச் சுடும் முன் அவள் விரலுக்குச் சுடும். அப்படியே சுருட்டை ஒரு நூல் உயர்த்துவாள். அந்த இரண்டு விரல்களும் எப்போதும் சிவந்து, நகம் மஞ்சள் ஏறி, வேறு யாருடைய கையிலிருந்தோ எடுத்து ஒட்டியது மாதிரி இருக்கும். "எனக்குச் சுட்டா உங்களுக்குச் சுட்ட மாதிரி. நீங்க தூங்குங்க," என்பாள். வந்தவர்களும் தூங்கினார்கள். தேய்ந்துபோன முட்டியை அவள் புதிதாக்கிவிடவில்லை. ஆனால் அவளிடம் வந்துபோன பிறகு நாலு நாள் வலி மட்டுப்பட்டுப் படியேறினோம் என்று சொன்னவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருத்தி.

கூட்டம் சேரச் சேர இரண்டு கை போதவில்லை. ஆறு மரப்பெட்டிகள் வாங்கிப்போட்டாள். உள்ளே கம்பிவலை, அதன்மேல் எரியும் சுருட்டுத் துண்டுகள். பெட்டியை முட்டிமேல் வைத்து வாரால் கட்டிவிட்டால் போதும், அது பாட்டுக்குச் சூடு கொடுக்கும். ஒரே நேரத்தில் மூன்று பேரைப் படுக்கவைக்கலாம். பெட்டிக்குள் விரல் போகாது. "சுட்டா சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள். எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வருடம் ஒரு குறையும் வரவில்லை.

ஃபெங் தோங்ஷெங் வந்தது அந்தப் பெட்டிகளின் காலத்தில்தான். அறுபத்தோரு வயது. மனைவி இறந்து பல வருடம். ஊருக்கு வெளியே குளக்கரையிலேயே ஓட்டு வீடு. முப்பது வருடமாகக் கிழங்கு தோண்டுகிற மனுஷன். குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். என்னிடம் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் குடித்துவிட்டு, நொண்டி நொண்டி அவள் கடைக்குப் போவார். அவ்வளவு தண்ணீர் குடிக்கிறாரே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"லான்யிங், இது பெட்டியா, மீன்காரன் ஐஸ்பெட்டியா? ஒண்ணுமே சுடலயே."

"உங்க தோலு எருமைத்தோலு அண்ணே. அதுக்கு நான் செங்கல் சூளைதான் கொண்டாரணும்."

"கொண்டா. எனக்கென்ன. இந்த முட்டியை வெச்சுக்கிட்டுச் சாகறதுக்குச் சூளைல படுக்கலாம்."

"சூளைல படுத்தா கிழங்கை யாரு தோண்டுறது? உங்க மகளா வந்து தோண்டப் போறா?"

அவர் மகள் ருயி தெற்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். புத்தாண்டுக்கு மட்டும் வருவாள். மகளைப் பற்றி யாராவது கேட்டால் தோங்ஷெங் குரல் சற்றுக் குறையும்.

அந்த வருடம் குளிர் முன்கூட்டியே வந்துவிட்டது. பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் எங்கள் ஊரில் கிழங்குக்கு அடிபிடியாக இருக்கும். புத்தாண்டுச் சூப்புக்குத் தாமரைக் கிழங்கு இல்லாத வீடு கிடையாது. தோங்ஷெங் விடியும் முன்பே குளத்தில் இறங்கி, லாரி போன பிறகு காலை ஒன்பது மணிவாக்கில் எங்கள் தெருவுக்கு வருவார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. லான்யிங் கடையில் ஏற்கனவே இரண்டு பெண்கள் படுத்திருந்தார்கள். மூன்றாவது கட்டிலில் இவரைப் படுக்கவைத்து இரண்டு முட்டிக்கும் பெட்டி கட்டினாள்.

சுவர் மெல்லியது, பேச்சு எனக்குக் கேட்கும்.

"சுடல, லான்யிங்."

"இப்பத்தானே வெச்சிருக்கேன்."

"நாளைக்கும் இறங்கணும்மா. வியாபாரி ரெண்டு லாரி சொல்லியிருக்கான். கொஞ்சம் கீழ இறக்கு."

இறக்கினாள். வலைக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் மரச்சட்டத்தை உருவிவிட்டாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. பெண்கள் இருவரும் எழுந்து போனார்கள். அப்போது அவளுக்குத் தொலைபேசி வந்தது. பேசிக்கொண்டே வெளியே வந்து என் அடுப்பருகில் நின்றாள். கணவன். கப்பலில் ஆள் குறைவு, புத்தாண்டுக்கு வரமுடியாது என்கிறான். அவள் சத்தம் போடவில்லை. "சரி, சரி," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசி முடித்த பிறகும் உள்ளே போகாமல் நின்றாள். நான்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "உக்காருக்கா. சூடா ஒரு வாய் குடி," என்று முட்டை போட்டுக் காய்ச்சிய அரிசிக் கள்ளு ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஆம்பளைகளைப் பற்றி இருவரும் கொஞ்சம் பேசினோம். கால் மணி நேரம் இருக்கும்.

அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு ஒரு வாடை வந்தது. புத்தாண்டு நெருங்கினால் வீட்டுக்கு வீடு பன்றிக்காலைத் தீயில் காட்டி மயிர் பொசுக்குவார்கள். யாரோ பன்றிக்கால் வாட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவும் செய்தேன். "யாரு வீட்டுலயோ இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க போல," என்றேன். அவள் தலையைத் தூக்கினாள். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் போய்ப் பார்த்தபோது பெட்டிகளைக் கழற்றியிருந்தாள். இடது முட்டியில் கொப்புளங்கள். வலது முட்டிக்குக் கீழே இரண்டு குழியும் சேர்ந்து வெளுத்து, ஓரம் பழுப்பேறி, சுற்றிலும் நீர் கோத்துக் கிடந்தது. தோங்ஷெங் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சிருச்சா? நல்ல தூக்கம்," என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். சிரித்தார். "பாரு, தண்ணி கட்டிக்கிச்சு. முப்பது வருஷக் குளத்துத் தண்ணி வெளிய வருது."

"வலிக்கலயா அண்ணே?" என்றாள் லான்யிங்.

"ஒண்ணும் வலிக்கல. கொப்புளம் வந்தா நல்லதும்பாங்களே. உள்ள இருக்கிற குளிரெல்லாம் இறங்கிரும்னு."

அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. வேண்டுமென்றே கொப்புளம் வரவைத்துச் சூடு போடுகிற வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. லான்யிங் அதைப் பிடித்துக்கொண்டாள். நனைகிறவனுக்கு ஒரு கூரை தென்பட்ட மாதிரி அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். எரிகாயத் தைலம் தடவி, துணி வைத்துக் கட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்க் காமிக்கட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"எதுக்கு அண்ணே? வீணா ஒரு நாள் போகும், நாலு திட்டு வாங்குவீங்க. உடைக்காதீங்க, தண்ணி படாம பாத்துக்கங்க. பத்து நாள்ல காஞ்சிரும்."

"தண்ணி படாம எப்படிம்மா? நான் நிக்கிறதே தண்ணில."

"ரப்பரு போட்டுத்தானே இறங்குறீங்க," என்றாள்.

அவர் போனார். மறுநாள் குளத்தில் இறங்கினார். அந்த உடுப்புக்குள் வியர்வையும் சேறும் எப்படியும் போகும். லான்யிங் தினமும் என்னிடம் கேட்டாள்: "தோங்ஷெங் அண்ணன் சாப்பிட வந்தாரா?" முதல் மூன்று நாள் வந்தார். அப்புறம் வரவில்லை. வேலை மும்முரம் என்று நான் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். ஏழாம் நாள் காலை கடையைத் திறக்காமல் என்னிடம் வந்து, "உன் மூணுசக்கர வண்டியை எடு, போய்ப் பார்த்துட்டு வருவோம்," என்றாள்.

குளக்கரை வீட்டில் கதவு தாழிடவில்லை. உள்ளே நுழைந்ததுமே வாடை சொல்லிவிட்டது. தோங்ஷெங் கட்டிலில் ஏதோ உளறிக்கொண்டிருந்தார். வலது கால் தொடைவரை வீங்கி மினுமினுத்தது. கட்டு பச்சை நிறமாகியிருந்தது. நாங்கள் இரண்டு பெண்களும் எப்படி அவரைத் தூக்கி வண்டியில் போட்டோம் என்று இப்போது நினைத்தால் புரியவில்லை. கிழங்குக் கூடைகளுக்கு நடுவே படுக்கவைத்து, காய்கறிச் சாக்கைப் போர்த்தி ஓட்டினேன். லான்யிங் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே," என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இருக்கவேண்டியதைப் போல நாலு மடங்கு இருந்தது. மறுநாள் தெளிவு வந்ததும் டாக்டர் கேட்டார்:

"எத்தனை வருஷமா சர்க்கரை வியாதி?"

"எனக்கா? நான் இனிப்பே தொட மாட்டேனே," என்றார் தோங்ஷெங்.

டாக்டர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நைலான் இழையை எடுத்து அவர் பாதத்தில் அழுத்தினார். "தெரியுதா?" என்றார். இல்லை. கணுக்காலில், ஆடுசதையில் அழுத்தினார். இல்லை. முட்டிக்குக் கிட்டத்தில்தான், "ஏதோ தொடுற மாதிரி இருக்கு," என்றார் தோங்ஷெங். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பி, "இவருக்குக் கால்ல நெருப்பு வெச்சாலும் தெரியாது," என்று சாதாரணமாகச் சொன்னார். வைத்தது யார் என்று அவருக்கு அப்போது தெரியாது. லான்யிங் சுவரோரம் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மகள் இரண்டாம் நாள் ரயிலில் வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், அப்பாவின் அகன்ற தாடை. வார்டு வாசலில் லான்யிங்கைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்கதான் அந்த சூட்டுக்காரம்மாவா?"

"ஆமாம்மா."

"எங்கப்பாவை என்னன்னு நெனச்சீங்க? அடுப்புல வாட்டுற மீனுன்னா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "மீன்கூடத் திருப்பிப் போட ஆளு பக்கத்துல நிக்கும்."

லான்யிங் தினமும் வந்தாள், வாசலோடு நின்றாள், துணி துவைக்க வாங்கிப் போனாள். மகள் இல்லாத நேரத்தில் தோங்ஷெங் அவளை உள்ளே கூப்பிட்டுப் பேசுவார். "விடு லான்யிங். நீ என்ன வேணும்னா செஞ்சே? என் உடம்பே எங்கிட்டச் சொல்லாததை நீ எப்படிக் கண்டுபிடிப்பே," என்பார். இரண்டு முறை அழுகிய சதையை வெட்டினார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். காலை எடுக்கவேண்டி வருமோ என்று ஒரு வாரம் பேசி, அப்புறம் அந்தப் பேச்சை விட்டார்கள். கால் தப்பித்தது. முட்டி மடங்காமல் போனது. புத்தாண்டு வந்து போனதே எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் மாதம் தெருக்குழு அலுவலகத்தில் பேச்சுவார்த்தை வைத்தார்கள். குழுத்தலைவி மோ, ஊரில் எந்தச் சண்டையையும் தேநீர் ஊற்றியே ஆற்றிவிடுகிற பெண்மணி. மேசைக்கு ஒரு பக்கம் ருயியும், சக்கர நாற்காலியில் காலை நீட்டிய தோங்ஷெங்கும், மறுபக்கம் லான்யிங். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றோம். அனைவரும் லான்யிங் பக்கம்தான். அவளிடம் சூடு வாங்காத முட்டி அந்த அறையில் இல்லை. சிகிச்சைச் செலவை அவள் ஏற்பதாக முன்பே ஒத்துக்கொண்டிருந்தாள். கடையின் பெயர்ப்பலகை கீழே இறங்க வேண்டும் என்பது மகளின் கோரிக்கை. அதைத் தவிர்க்கலாம் என்பது மோவின் எண்ணம்.

"சரி, இப்படி எழுதிக்கிறேன்," என்றார் மோ. "நோயாளி தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவிக்கவில்லை. அதனால் நேர்ந்த விபத்து. சரியா தோங்ஷெங்?"

"எழுதுங்க. எனக்கே தெரியாததை நான் அவகிட்ட எப்படிச் சொல்றது? அவ மேல குத்தமில்ல. இன்னும் இறக்கு, இன்னும் இறக்குன்னு நச்சரிச்சவன் நான்."

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

"நீ சும்மா இரு. என் காலு, நான் பேசறேன்."

மோ பேனாவை எடுத்தார். லான்யிங் மேசைமேல் கையை வைத்தாள்.

"அதை எழுதாதீங்க."

"ஏன்?"

"அவர் சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்." என்றாள். "போன ஒன்பதாம் மாசம் அண்ணன் கடைக்கு வந்து பூட்ஸைக் கழட்டினாரு. காலுறை முழுக்க ரத்தம். உள்ள ஒரு நத்தை ஓடு உடைஞ்சு கத்தி மாதிரி நிக்குது. காலையிலேர்ந்து அதை மிதிச்சுக்கிட்டே நடந்திருக்காரு. நான் எடுத்துக் காட்டினப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுது. சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எருமைத்தோலுன்னு சொன்னேன்."

"அதுல என்ன இருக்கு லான்யிங்?" என்றார் மோ. "யாருக்கும் நடக்கும்."

"எங்க வகுப்புல முதல் வாரமே சொல்லிக் குடுத்தாங்க. உணர்ச்சி இல்லாத காலுக்குச் சூடு வெக்காதே. வெச்சே ஆகணும்னா விரலை எடுக்காதே. அந்த ஓட்டைக் கையில வெச்சிருந்தப்ப எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. ஒரு வார்த்தை, கால் மரத்துப்போகுதா அண்ணேன்னு கேட்டிருக்கலாம். கேட்கல. கேட்டா டாக்டர்கிட்டப் போங்கன்னு சொல்லணும். அப்புறம் அவர் இங்க வருவாரோ மாட்டாரோ. என் சூட்டுலதான் நடக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அதை விட மனசு வரல." பிறகு, அதே குரலில், "கொப்புளம் வந்தன்னைக்கு ஆஸ்பத்திரி போகவான்னு கேட்டாரு. வேணாம்னு சொன்னது நான்தான்," என்றாள்.

சுவரோரம் நின்ற எனக்கு அந்தப் பன்றிக்கால் வாடை மூக்கில் ஏறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தவள் நான். வாடையை மோந்துவிட்டு வேறு எதுவோ என்று சொன்னவளும் நான். அதைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

தோங்ஷெங் லான்யிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப உனக்குத் தெரியும்."

"ஆமாம் அண்ணே."

"ருயி, வண்டியைத் திருப்பு," என்றார்.

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "ஏன்க்கா? அவர்தான் மன்னிச்சிட்டாரே. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே," என்றேன்.

"அவர் மன்னிச்சது தெரியாம செஞ்சவளை," என்றாள். "அது நான் இல்லையே."

பலகையை அன்றைக்கே அவளே ஏணி போட்டு இறக்கினாள். தெருவில் பலருக்கு அவள்மேல் கோபம். தங்கள் முட்டிக்கு யார் சூடு வைப்பது என்ற கோபம்தான். "ஒரு ஆளுக்கு ஆனதுக்கு ஊரையே தண்டிக்கணுமா?" என்று கேட்டார்கள். இடம் காலியாகி, அதில் கைப்பேசி பழுதுபார்ப்பவர் வந்தார். லான்யிங் எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஈரத் தரை மறுபடியும். வலது முட்டி முன்னைவிட மோசமானது. ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொள்ளலாமே என்றால் தலையசைப்பாள். நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள், நான் கவனித்திருக்கிறேன்.

அந்த நிலையத்தில் இருந்த நர்ஸுக்கு ஒரு குறை இருந்தது. குளத்து ஆட்கள் யாரும் சோதனைக்கு வருவதில்லை. கூப்பிட்டால், வேலை இருக்கிறது என்பார்கள். பத்தாம் மாதம், கிழங்கு சீசன் தொடங்கும்போது, லான்யிங் தானாகவே அவரிடம் போய், "நான் கூட்டிட்டுப் போறேன், குளக்கரைக்கே போவோம்," என்று சொல்லியிருக்கிறாள். முதல் நாள் என் வண்டியில்தான் போனார்கள். கரையில் இருபது பேர் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தோங்ஷெங்கின் தம்பி தோங்லியாங்தான் முதலில் பார்த்தான்.

"டேய், காலை மறைச்சுக்கங்கடா. கால் சுடுறவ வந்துட்டா."

மற்றவர்கள் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"ஆமா, நான்தான்," என்றாள் லான்யிங். "உங்கண்ணன் காலைச் சுட்டவதான். பூட்ஸைக் கழட்டு."

"கழட்டினா என்ன பண்ணுவே?"

"நான் தொட மாட்டேன். நர்ஸம்மா ஒரு இழையால தொடுவாங்க. தெரியுதா இல்லையான்னு சொல்லு. நிஜத்தைச் சொல்லு."

கழற்றமாட்டேன் என்றான். அவள் அவனுக்கு எதிரே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி மடங்காமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "நீ கழட்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். என்னால எந்திரிக்கவும் முடியாது," என்றாள். யாரோ சிரித்தார்கள். கடைசியில் கழற்றினான். கண்ணை மூடச் சொல்லி நர்ஸ் இழையால் பாதத்தில் ஏழு இடத்தில் அழுத்தினார். "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டான் தோங்லியாங். அதற்குள் முடிந்திருந்தது.

அந்த சீசனில் நாற்பத்து மூன்று பேரைப் பார்த்தார்கள். ஆறு பேருக்குக் காலில் உணர்ச்சி இல்லை. அதில் ஐந்து பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. இதனால் ஊரில் லான்யிங்கின் பெயர் மீண்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். "தன் பாவத்தைக் கழுவ நம்ம காலைத் தேடி வர்றா," என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவள் காதிலும் விழுந்திருக்கும். அடுத்த வருடமும் போனாள்.

தோங்ஷெங் மகளோடு தெற்கே போக மறுத்துவிட்டார். குளத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சந்தையில் உட்கார்ந்து கிழங்கு விற்கிறார். வலது கால் பலகை மாதிரி முன்னால் நீண்டிருக்கும். வருகிறவர்கள் சுற்றிப் போவார்கள். பழைய குரல் இல்லை. லான்யிங் ஒன்றரை வருடம் சந்தையின் அந்தப் பக்கமே போகவில்லை. கிழங்கு வேண்டுமென்றால் என்னைத்தான் வாங்கிவரச் சொல்வாள்.

போன குளிர்காலம் ஒரு காலை, என்னோடு வந்தவள் நான் திரும்புவதற்குள் அவர் கடை வரிசையில் போய் நின்றுவிட்டாள். முன்னால் மூன்று பேர். அவர் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த இரண்டு பேருக்கும் கிழங்கை இரண்டு முறை நிறுத்தார். அவள் முறை வந்தது.

"எவ்வளவு?"

"ரெண்டு கிலோ, அண்ணே."

நிறுத்தார். சேறு படிந்த கிழங்கைக் கோணியில் துடைத்தார்.

"கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"மடங்கல."

அவள் தலைகுனிந்து நின்றாள். பின்னால் நின்றவர் இருமினார். தோங்ஷெங் கிழங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "தம்பிக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. ரெண்டு வேளை. ஒழுங்கா முழுங்க மாட்டேங்கிறான்," என்றார்.

"நான் சொல்றேன் அண்ணே."

"சொல்லு," என்றார். அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் பாலத்துப் படிகளில் இரண்டு முறை நின்றாள். பையைக் கொடு என்றேன். முதல் முறை வேண்டாம் என்றாள், இரண்டாம் முறை கொடுத்தாள்.